பச்சைத் திராட்சைக்கும் நிறமரபணு உண்டு

கறுப்புத் திராட்சைக்கு நிறம் தரும் மரபணு ஒன்று உண்டு, பச்சைத் திராட்சைக்கு அது கிடையாது, கதை அவ்வளவுதான் என்கிறார்கள். மெண்டலின் பட்டாணிப் பாடத்தோடு படிப்பை நிறுத்தியவர்களுக்கு இது வசதியான பதில். ஆனால் தவறு.

'கிடையாது' என்பதை முதலில் பார்ப்போம். ஆந்தோசயனின் நிறமியை உருவாக்கும் யூஎஃப்ஜிடி நொதியின் மரபணு பச்சை வகைகளிலும் பழுதில்லாமல் இருக்கிறது. பழுது, அதை முடுக்கிவிட வேண்டிய எம்ஒய்பிஏ1 மரபணுவில். அதன் முன்பகுதியில் கிரெட்1 என்ற தாவும் மரபணுத் துண்டு செருகிக்கொண்டு வாயடைத்துவிட்டது. ஜப்பானின் கோபயாஷி குழு 2004இல் 'சயன்ஸ்' இதழில் இதைக் காட்டியது. 'இத்தாலியா' பச்சை வகை. அதில் ஒரு மொட்டு மாறிப் பிறந்த 'ரூபி ஒகுயாமா'வோ சிவப்பு. செருகிய துண்டின் பெரும்பகுதி கழன்றதும் நிறம் திரும்பிவிட்டது. இல்லாத மரபணு திரும்பி வருமா?

'ஒரே மரபணு' என்பதும் நிற்காது. இரண்டாம் குரோமோசோமில் எம்ஒய்பிஏ1க்குப் பக்கத்திலேயே எம்ஒய்பிஏ2 இருக்கிறது. ஒன்று வேலை செய்தாலே தோல் நிறம் பிடிக்கும். பச்சை வகைகளில் இரண்டுமே கெட்டிருக்கின்றன.

ஒரு கொடியென்றால் எங்கும் ஒரே நிறம் என்கிறார்களே, அதுதான் பெரிய பிழை. ஆஸ்திரேலியாவின் லாங்ஹார்ன் கிரீக்கில், கருந்திராட்சையான கபர்னே சாவிஞோன் கொடியொன்றில் வெண்கல நிறக் குலை காய்த்தது. அதற்கு மாலியன் என்று பெயர். அதன் தோலின் மேலடுக்கில் நிறமி உண்டு, அடுத்த அடுக்கில் இல்லை. கீழடுக்குச் செல்கள் மட்டும் அந்த நிற மரபணுக்களை இழந்திருந்தன. பிறகு மாலியனிலிருந்து வந்த ஷாலிஸ்டினில் மேலடுக்கிலும் நிறமி இல்லாமல் போனது, பழம் வெளுத்தது. சதையின் கணக்கு வேறு. நம் பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க், தோலில் கறுப்பு. உரித்தால் சதை வெளிர்பச்சை. பிரான்சின் அலிகாந்தே பூஷேவிலோ சதையும் சிவப்பு.

இலையும் தண்டும் இன்னொரு தனிக் கணக்கு. அவற்றுக்கு 14ஆம் குரோமோசோமில் எம்ஒய்பிஏ6, எம்ஒய்பிஏ7 என்ற வேறு மரபணுக்கள் இருக்கின்றன. பச்சைத் திராட்சைக் கொடியின் துளிரும் சிவக்கலாம். பழுக்கும் நேரத்தில் வெப்பம் மிஞ்சினால், மரபணு நன்றாக இருந்தும் பழம் வெளிறும்.

ஆகவே துளிரின் சிவப்பை நம்பி நாற்று வாங்காதீர்கள். குச்சி வெட்டிய அதே கிளையில் காய்த்த குலையைக் காட்டச் சொல்லுங்கள்.