பட்டறை பெயரில் பெட்டிங் கடை

தமிழ்நாட்டு எல்லையிலுள்ள ஜூஜுவாடியில் உட்கார்ந்து போனில் எதையாவது தேடினால் பாதி நேரம் பதில் கர்நாடகத்திலிருந்துதான் வரும். அத்திப்பள்ளி டவரைப் போன் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போச்சே என்று மின்வாரியத்தைத் தேடினால் கர்நாடகத்தின் பெஸ்காம் முன்னால் வந்து நிற்கும். எல்லையில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போனது. கூகுள் தப்பாகக் காட்டுகிறது என்று சொன்னால் இங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அதனால்தான் எங்கள் வெப்சைட்டில் ஆள் புகுந்தது வெளியூர்க்காரர் சொல்லித்தான் தெரிந்தது. சிஎன்சி ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது. கணக்கு, கொட்டேஷன், மெயில் எல்லாம் என் பொறுப்பு. பொம்மசந்திராவிலிருந்து ஒரு பர்ச்சேஸ் அதிகாரி கூப்பிட்டார். "மேடம், உங்க கம்பெனி பேரைப் போட்டா கீழே கிரிக்கெட் பெட்டிங்னு வருதே, புது பிசினஸா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் முகவரியை அடித்தேன். புஷ், ஷாஃப்ட், ஃபிளாஞ்ச் படங்கள், முதலாளி போட்டோ, எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. அதையே போனில் கூகுள் வழியாகத் தட்டினேன். எங்கள் பக்கம் வந்த வேகத்தில் மறைந்து, 'வெல்கம் போனஸ்' என்று கலர் கலராக ஒரு சூதாட்டத் தளம் திறந்தது.

இந்த மோசடியின் சூட்சுமமே அதுதான். உள்ளே புகுந்தவன் வைத்துவிட்டுப் போகிற கம்ப்யூட்டர் கோடு, வருகிறவர் யார் என்று முதலில் பார்க்கும். முகவரியை நேராக அடிக்கிற முதலாளிக்குப் பழைய பக்கம். கூகுளின் ரோபோ வந்தால் சூதாட்டச் சொற்களை அடைத்த பக்கங்கள், ஆயிரக்கணக்கில். தேடி வருகிற வாடிக்கையாளருக்கோ நேரடியாகப் பெட்டிங் தளம். 'க்ளோக்கிங்' என்பார்கள். இன்னொரு வகையில் தேடல் முடிவு முழுக்க ஜப்பானிய எழுத்தும் போலிப் பொருள் விலையுமாக நிரம்பிவிடும். அதற்குத் தனிப்பெயர் வைத்து, துடைக்கும் வழியையும் கூகுளே எழுதிப் போட்டிருக்கிறது. அவ்வளவு பரவிய வியாதி.

சின்னப் பட்டறையின் பெயர் பெட்டிங்காரர்களுக்கு எதற்கு? தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்துக்கு 2023 முதல் தடைச் சட்டம் இருக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டையும் அதன் விளம்பரத்தையும் தடுக்க 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் சட்டம் போட்டது. வெளிப்படையாக விளம்பரம் கொடுக்க வழி குறையக் குறைய, கூகுளிடம் ஏற்கெனவே நல்ல பெயர் வாங்கிய பழைய முகவரிகளுக்குக் கிராக்கி கூடுகிறது என்பது என் கணிப்பு. அரசாங்கத்தின் முகவரியே தப்பவில்லை. 2024 மே மாதம் டெக்க்ரஞ்ச் இதழ், கர்நாடகம், கேரளம், பீகார் உள்ளிட்ட மாநிலங்களின் ஏறக்குறைய நான்கு டஜன் 'கவ் டாட் இன்' இணைப்புகள் பெட்டிங் தளங்களுக்குத் திருப்பி விடப்பட்டதை வெளியிட்டது. அரசுத் துறைக்கே இந்தக் கதி என்றால் நாங்கள் எம்மாத்திரம்!

சட்டம் கடுமையாகத்தான் பேசுகிறது. இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசின் சர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவின்படி, வெப்சைட்டில் யாரோ புகுந்து வெளி இணைப்பைச் செருகினால்கூட, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும். சரி, தெரிய வருவது எப்படி? உரிமையாளன் கண்ணில் மட்டும் படாதபடி செய்வதுதானே இந்தத் திருட்டு? இதை முதலில் பார்க்கிறது தேடுபொறி. 'இந்தத் தளம் ஹேக் செய்யப்பட்டிருக்கலாம்' என்று தேடுகிறவர்களுக்கு எச்சரிக்கை காட்டவும் அதற்குத் தெரியும். உரிமையாளருக்குச் சொல்ல வேண்டுமென்றால் மட்டும் அவர் 'சர்ச் கன்சோல்' என்ற இடத்தில் தன்னைப் பதிந்து வைத்திருக்க வேண்டுமாம். டர்னிங் மெஷின் ஓட்டுகிற எந்த முதலாளி அதைக் கேள்விப்பட்டிருக்கிறார்? புகுந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதில் தன்னையே ஓர் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வது அவன் வழக்கம்.

துடைக்க உட்கார்ந்தபோதுதான் பெரிய கோளாறு தெரிந்தது. பழைய பிளக்-இன்னைத் தூக்கலாம், பாஸ்வேர்டை மாற்றலாம். ஆனால் முகவரியே எங்கள் பெயரில் இல்லை. சைட் போட்டுக் கொடுத்தவர் தன் ஜிமெயிலில் பதிந்திருந்தார். அவரைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜிஎஸ்டி முதலாளி பெயரில், உதயம் பதிவு முதலாளி பெயரில், மின் இணைப்பு முதலாளி பெயரில். வெப்சைட் மட்டும் எவர் பெயரிலோ. சிப்காட்டைச் சுற்றியுள்ள சின்ன யூனிட்களில் விசாரித்தால் நிறையப் பேரிடம் இதே கதைதான்.

பெரிய கம்பெனிகள் எங்களை வெண்டராகச் சேர்க்கும்போது ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகின்றன. வெர்னியர் காலிபரேஷன் சர்ட்டிஃபிகேட் தேதி, தீயணைப்பு சிலிண்டரின் காலாவதி என்று எல்லாவற்றையும் டிக் அடிக்கிறார்கள். அந்தத் தாளில் வெப்சைட் முகவரி எழுதவும் ஒரு கட்டம் உண்டு. பக்கத்திலேயே 'யார் பெயரில் பதிவு?' என்று இன்னொரு கட்டம் போடட்டும். ஹோஸ்டியா மாதிரியான தொழில் சங்கங்கள் மாதம் ஒருமுறை உறுப்பினர் பெயர்களை வெளிப் போனிலிருந்து கூகுளில் தேடிப் பார்த்து, தப்பாக வந்தால் ஒரு வாட்ஸ்அப் தட்டிவிடட்டும். ஒரு ஆளுக்கு அரை நாள் வேலை அது, சந்தாப் பணத்திலேயே முடியும்.