கடலோர மனை: பட்டா மட்டும் போதுமா?

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கி.மீ.க்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்பது மதுரைக்காரர்களுக்குப் பழகிய விதி. ஆனால் தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்கள் கடற்கரை விதியைக் கேட்பதில்லை. அது ஊருக்கு ஊர் மாறும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அந்தமான் நிகோபார், லட்சத்தீவு தவிர நாடு முழுக்க ஒன்றுதான். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை பொருந்தும். இடத்தின் வகை மாறினால் அனுமதியும் மாறிவிடும்.

ஏற்கெனவே வளர்ந்த நகரப் பகுதி என்றால், முன்பே இருக்கும் சாலைக்கோ அங்கீகாரம் பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக வீடு கட்டலாம். பக்கத்துக் கிராமத்தில், 2011 அறிவிக்கைப்படி முதல் 200 மீட்டருக்குள் வெளியூர்க்காரர் புது வீடு கட்ட முடியாது. சதுர கி.மீ.க்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமங்களில் இந்தத் தூரத்தை 50 மீட்டராகக் குறைத்தது 2019 அறிவிக்கை. அதற்கேற்ற மாநில வரைபடம் ஒப்புதல் பெற்றால்தான் அந்தச் சலுகை செல்லும்.

பட்டா, நிலம் யாருடையது என்று சொல்லும். அங்கே வீடு கட்டலாமா என்று சொல்லாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மேலாண்மைக் குழுவிடம் சர்வே எண்ணைச் சொல்லி, மனை எந்த வகையில் வருகிறது என்று எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். சேமிப்பு மண்ணோடு போகாமல் இருக்கும்.