கொட்டட்டும், விடுங்கள்!

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகிற வழியில் கனகம்மாசத்திரம் என்று ஓர் ஊர் வரும். நீங்கள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்து போயிருக்கலாம். முருகனைப் பார்க்கப் போகிறவர்கள், அப்படியே திருப்பதி வரை போகிறவர்கள் எல்லோருக்கும் அது வழியில் டீ குடிக்கிற இடம். போன சித்திரையில் நானும் அங்கே இறங்கி ஒரு டீ சொன்னேன்.

காலை பதினொன்றரை மணி. கோடையில் வானிலைச் செய்தி வாசிக்கும்போது 'அதிகபட்ச வெப்பநிலை' என்றதும் வேலூர், திருத்தணி என்று பெயர் வருமே, அந்த வெயில். டீக்கடையை ஒட்டிய வீட்டு வாசலில் ஒரு நாய்க்குட்டி. லாப்ரடார். மூன்று மாதம் இருக்கும். சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். நாக்கு முழுசாக வெளியே தொங்குகிறது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது. சொட்டுத் தண்ணீர் இல்லை.

"கொஞ்சம் தண்ணி வைக்கலாமே சார்?" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"வெக்காம இருப்பமா சார்? வெச்சா குடிக்கிறது கால்வாசி, கொட்றது முக்கால்வாசி. உள்ள காலை விட்டு உழப்புது. கிண்ணத்தைக் கவுத்துட்டு வாயில தூக்கிக்கிட்டு ஓடுது. இப்பத்தான் டைல்ஸ் போட்டிருக்கோம். அதான் காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டின்னு டைம் வெச்சிட்டோம். பழகிடும் சார்."

பழகிடும்! இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. முன்பின் தெரியாத என்னை நிழலில் உட்காரச் சொன்னார். டீ வேண்டாம், வெயிலுக்கு மோர் சாப்பிடுங்கள் என்று உள்ளேயிருந்து ஒரு சொம்பு வரவழைத்தார். அண்ணாந்து குடித்ததில் சட்டையில் கொஞ்சம் சிந்திக்கொண்டேன். 'சிந்துகிறாயா, இனி சாயங்காலம்தான் உனக்கு மோர்' என்று அவர் சொம்பைப் பிடுங்கவில்லை. சிரித்துக்கொண்டே துண்டு கொடுத்தார். மனிதனுக்கு ஒரு நியாயம், குட்டிக்கு ஒரு நியாயம்.

இது அந்த ஊர்ச் சமாசாரம் மட்டுமல்ல. சென்னை அபார்ட்மென்ட்டில் இன்னும் மோசம். கூடத்தில் மார்பிள், மூலையில் குட்டி. தண்ணீர் வைத்தால் கொட்டும், குடித்தால் ஒண்ணுக்குப் போகும். ஆகவே கிண்ணத்தை எடுத்து மேலே வைத்துவிடுகிறார்கள். இதற்கு 'டிரெயினிங்' என்று பேர் வேறு.

குட்டி ஏன் கொட்டுகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறோமா?

நாய்க்கு நம்மைப் போல உதட்டைக் குவித்து உறிஞ்ச வராது. மாட்டைப் போலவும் முடியாது. கன்னம் அதற்கேற்றபடி அமையவில்லை. நாக்கைப் பின்பக்கமாக மடக்கித் தண்ணீரில் ஓங்கி அடித்து வெடுக்கென்று இழுக்கும். கூடவே ஒரு தண்ணீர்த் தூண் மேலே எழும்பும். அது விழுவதற்குள் வாயை மூடிக் கவ்விக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதை அதிவேகக் கேமராவில் படமெடுத்து 2015-ல் விளக்கினார்கள். பூனை தண்ணீரின் மேற்பரப்பை நாக்கு நுனியால் தொட்டுத் தொட்டு நாசூக்காகக் குடிக்கும். நாய் அடித்துத்தான் குடிக்கும். ஆகவே நாய் தண்ணீரைச் சிந்துவது கெட்ட பழக்கமல்ல, உடம்பு வாகு. பெரிய நாயே சிந்தும்போது, இந்த வித்தையை இப்போதுதான் கற்றுக்கொள்கிற குட்டி என்ன செய்யும்?

அடுத்தது, காலை விடுகிற குற்றச்சாட்டு. நாய்க்கு நம்மைப் போல மேலெல்லாம் வியர்த்து ஊற்றாது. உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் கசியும். மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. இரைக்க இரைக்க உடம்பிலிருந்து ஈரம் போகும். போனதை ஈடுகட்டத் தண்ணீர் வேண்டும். காலும் வயிறும் நனைந்தால் சுகமாக இருக்கிறது என்று குட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போதாக்குறைக்கு இது லாப்ரடார். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு கடலில் இறங்கி வலை இழுத்த நாய்களின் வம்சம். விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கும். குளிர்கடல் நாயைத் திருத்தணி வெயிலுக்குக் கொண்டுவந்தது நாம். ஒரு கிண்ணம் தண்ணீரைப் பார்த்து அது குதிப்பதைக் குற்றம் சொல்வதும் நாமா?

2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிவந்த 'பக்' நாயை மறந்திருக்க மாட்டீர்கள். அதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் அதே போல் ஒன்று வேண்டும் என்று கிளம்பினார்கள்! சப்பை மூக்கு. ஒழுங்காக இரைக்கவும் முடியாது. குனிந்து குடித்தால் மூக்கிலும் தண்ணீர் ஏறும். அதனால் தும்மும், தெளிக்கும். அழகு என்று காசு கொடுத்து வாங்கியது அந்த மூக்கைத்தான்.

கிண்ணத்தைக் கடித்துக்கொண்டு ஓடுகிறதா? மூன்று, நான்கு மாதத்தில் பால் பல் விழ ஆரம்பிக்கும். ஈறு ஊறும். எதிரே ஒரு லேசான பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்தது யார்?

பக்கத்து வீட்டுப் பாட்டி இன்னொன்று சொல்வார். "தண்ணியைப் பாத்து இப்படி ஆடுதே, வெறி கிறி பிடிச்சிருக்கப் போவுது." அல்லது நேர் எதிராக, "தண்ணி குடிக்குதில்ல, அப்ப வெறி கிடையாது." இரண்டுமே தப்பு. இரண்டாவது ஆபத்தான தப்பு. தண்ணீரைக் கண்டு மிரள்வது வெறிநோய் கண்ட மனிதர்களிடம் தெரிகிற அறிகுறி. நோய் கண்ட நாய் தண்ணீர் குடிக்கவும் செய்யலாம், தண்ணீரில் இறங்கவும் செய்யலாம். ஆகவே தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து ஜோசியம் பார்க்காதீர்கள். குட்டிக்கு மூன்று மாதம் வாக்கில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். நாய் கடித்தால் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

"மனுஷனுக்கே தண்ணி இல்ல, நாய் கொட்டி வீணாக்கணுமா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து குடித்த ஊர் சென்னை. ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். நாய்க்கு ஒரு நாளைக்கு, ஒரு கிலோ எடைக்குச் சுமார் 50, 60 மில்லி தேவை. குட்டிக்கும் கோடைக்கும் இன்னும் கூட. ஐந்து கிலோக் குட்டி குடிப்பது, கொட்டுவது எல்லாம் சேர்த்தாலும் உங்கள் ஃபிளஷ் டாங்க்கை ஒருமுறை அழுத்தினால் போகிற தண்ணீரைத் தாண்டாது.

இன்னொரு கணக்கும் உண்டு. இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் பூண்டி ஏரி இருக்கிறது. ஆந்திராவின் கண்டலேறிலிருந்து கால்வாய் வழியாக அங்கே கிருஷ்ணா தண்ணீர் வருகிறது. சென்னைக்கென்று மூன்று மாநிலங்கள் ஒதுக்கியது 15 டி.எம்.சி. வந்து சேர வேண்டியது 12 டி.எம்.சி. மீதி 3 டி.எம்.சி. வழியில் ஆவியாகியும் கசிந்தும் போய்விடும் என்று ஒப்பந்தத்திலேயே கழித்துக்கொண்டார்கள். ஐந்தில் ஒரு பங்கு! அதற்காகக் கால்வாயே வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா? தண்ணீர் கொடுப்பது என்று முடிவு செய்தால், கொஞ்சம் சிந்தும் என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அரசாங்கங்களுக்குப் புரிந்தது, டைல்ஸ் போட்ட நமக்குப் புரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1960-ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்க்கிற பிராணிக்குப் போதுமான உணவு, தண்ணீர், இருப்பிடம் தராதது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்க்குள். கடையில் தண்ணீர் பாட்டில் விற்கிற விலை உங்களுக்கே தெரியும். தண்ணீர் வாங்கி வைப்பதைவிட அபராதம் கட்டுவது மலிவு. எனவே சட்டத்தை நம்பிப் பிரயோஜனமில்லை, உங்களைத்தான் நம்ப வேண்டும்.

செய்ய வேண்டியது சுலபம். பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போடுங்கள். மிக்ஸி வந்த பிறகு கொல்லையில் கவிழ்த்துப் போட்டிருக்கிறீர்களே, இஞ்சி பூண்டு இடிக்கிற சின்னக் கல்லுரல், அதைக் கழுவி வையுங்கள். எந்தக் குட்டியும் கவிழ்க்காது, கடித்துத் தூக்கிக்கொண்டு ஓடாது. உரல் இல்லையா? அகலமான மண் சட்டியை ஒரு பழைய ஸ்கூட்டர் டயருக்குள் பொருத்தி வையுங்கள். அரை அளவு ஊற்றுங்கள், அடிக்கடி ஊற்றுங்கள். அடியில் சாக்கு விரியுங்கள். வீட்டுக்குள் ஒன்று, வெளியே நிழலில் ஒன்று. காலை விட்டு ஆடத்தான் ஆசை என்றால் அதற்குத் தனியாக ஒரு பழைய பேசின் கொடுங்கள். தினமும் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பாசியும் வரும், கொசுவும் வரும். எலி சிறுநீர் பட்டால் எலிக்காய்ச்சலும் வரும். குடித்து முடித்ததும் கொஞ்ச நேரத்தில் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், உங்கள் மார்பிளும் பிழைக்கும். வழக்கத்தைவிட ரொம்ப அதிகமாகக் குடித்தாலோ, குடிக்கவே மறுத்தாலோ கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள்.

இத்தனையும் அந்த மனிதரிடம் சொல்லவில்லை. பஸ் வந்துவிடுமே. "எனக்காக ஒருவாட்டி ஊத்துங்க சார்" என்று மட்டும் கேட்டேன். ஊற்றினார். குட்டி மூச்சு விடாமல் குடித்தது. பிறகு முன்னங்கால் இரண்டையும் கிண்ணத்துக்குள் வைத்து நின்றுகொண்டு என்னைப் பார்த்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா?" என்றார் அவர்.

பார்த்தேன். டைல்ஸில் தண்ணீர் ஓடியது. சித்திரை வெயில், பஸ் வருவதற்குள் காய்ந்துவிட்டது.

கனகம்மா யாரோ, எந்தக் காலமோ, எனக்குத் தெரியாது. ஆனால் சத்திரம் என்றால் என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீர் தருகிற இடம். வருகிறவன் சிந்தாமல் குடிப்பானா என்று எந்தச் சத்திரத்திலும் கேட்டதில்லை. அந்தப் பெயர் வைத்த ஊரில் நின்று யோசித்தேன். உங்கள் வீட்டில் ஒரு குட்டி இருந்தால், பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, முதலில் எழுந்து போய் அதன் கிண்ணத்தைப் பாருங்கள்.