ஆர்ஜே எல்லாம் பேசுவார்... செய்தி மட்டும் வாசிக்க மாட்டார், ஏன்?

மழை நாளில் காரில் எஃப்எம் போட்டால் ஆர்ஜே சொல்வார்: "வேளச்சேரி பக்கம் போறவங்க கொஞ்சம் சுத்திப் போங்க, தண்ணி நிக்குது." உபயோகமான தகவல்தான். ஆனால் அந்தத் தண்ணீர் ஏன் நிற்கிறது, மழைநீர் வடிகால் வேலை என்ன ஆச்சு, கவுன்சிலர் என்ன சொல்கிறார் என்று அதே ஆர்ஜே அதே மைக்கில் பேசினால் அது விதிமீறல். முதலாவது 'தகவல்', இரண்டாவது 'செய்தி'. இந்தியாவில் தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி கிடையாது.

இத்தனைக்கும் இவை பலதும் செய்தி வீட்டுப் பிள்ளைகள். சூரியன் எஃப்எம் சன் குழுமம். ஹலோ எஃப்எம் தினத்தந்தி குழுமம். ரேடியோ மிர்ச்சி டைம்ஸ் குழுமம், ரேடியோ சிட்டி ஜாக்ரன் குழுமம். அப்பா பேப்பர் நடத்துகிறார், அண்ணன் டிவியில் இரவு முழுக்க விவாதம் நடத்துகிறார், தம்பி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது!

அலைவரிசை யாருக்குச் சொந்தம்?

சென்னைக்கு வானொலி புதுசு இல்லை. 1924-லேயே சி.வி.கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. மூன்றே வருடத்தில் பணம் இல்லாமல் படுத்துவிட்டது. பிறகு 1930-ல் மாநகராட்சி கையில் எடுத்து நடத்தியது. 1938-ல் அகில இந்திய வானொலி வந்தது. நாட்டின் முதல் எஃப்எம் ஒலிபரப்பும் 1977-ல் இங்கேதான். ஆனால் அந்த கிளப்புக்குப் பிறகு வந்தது எல்லாமே அரசு வானொலி.

தனியாருக்குக் கதவு திறந்தது 1993-ல். வானொலி நிர்வாகம் தன் எஃப்எம் நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றது, 1998-ல் நிறுத்தியது. இடையில் 1995-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு கொடுத்தது. கிரிக்கெட் மேட்சை யார் ஒளிபரப்புவது என்ற சண்டையில் வந்த தீர்ப்பு அது. அலைவரிசை பொதுச் சொத்து, அரசு மட்டுமே வைத்துக்கொள்ள முடியாது, பொது நன்மைக்குப் பயன்பட வேண்டும் என்றது நீதிமன்றம்.

அதற்குப் பிறகு 2000-ல் 40 நகரங்களில் 108 அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன. கட்டணம் வருடா வருடம் 15 சதவீதம் ஏறும் என்பது நிபந்தனை. போட்டி போட்டு ஏலம் எடுத்தவர்கள் பலர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஓடிவிட்டார்கள். சென்னையில் சூரியனும் மிர்ச்சியும் 2003-ல் ஒலிக்க ஆரம்பித்தன. 2005-ல் விதி மாறி, வருமானத்தில் 4 சதவீதம் கொடுத்தால் போதும் என்று ஆன பிறகுதான் ரேடியோ சிட்டி, பிக், ஹலோ, ஆஹா என்று 2006-ல் டயல் நிரம்பியது. இன்று முப்பதுகளில் இருக்கும் பலருக்கு எஃப்எம் என்றால் அந்த வருடங்கள்தான்.

0.8 கணக்கு

சென்னை டயலை வரிசையாகப் பாருங்கள்: 91.1, 91.9, 92.7, 93.5, 94.3. நடுவில் சரியாக 0.8. ஒரே ஊரில் இரண்டு நிலையங்களுக்கு இடையே 800 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி வேண்டும் என்பது இங்குள்ள நடைமுறை. அதனால் ஒரு ஊருக்கு இத்தனை நிலையம்தான் என்று எண்ணிக்கை சீக்கிரமே முட்டி நின்றுவிடுகிறது. ஏலத்தில் விலை எகிறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சுவாரஸ்யம். 2005 விதிப்படி, ஒரு ஊரின் தனியார் நிலையங்கள் பொதுவான டவரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதாவது ஸ்டுடியோவில்தான் போட்டி, மேலே போனால் கூட்டுக் குடித்தனம். ஸ்டுடியோவில் பாடல்கள், ஜிங்கிள், விளம்பரம் எல்லாம் முன்கூட்டியே சாஃப்ட்வேரில் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும்; நடுவில் ஆர்ஜே பேசுவார். எந்த விளம்பரம் எத்தனை மணிக்கு என்று அட்டவணை போடும் பிரிவுக்கு வானொலி ஆட்கள் வைத்திருக்கும் பெயர் 'டிராஃபிக்'. ரோட்டு டிராஃபிக்கைவிட நிர்வாகத்துக்கு இதுதான் கவலை.

ஏனென்றால் நீங்கள் காசு கொடுப்பதில்லை. சந்தா இல்லை, டிக்கெட் இல்லை. வருமானம் பெரும்பாலும் விளம்பரம்தான். விற்பனை 10 விநாடிக் கணக்கில். மத்திய அரசு விளம்பரங்களுக்கான அடிப்படை விலையே 10 விநாடிக்கு 52 ரூபாயாக இருந்து, 2023 அக்டோபரில்தான் 74 ரூபாய் ஆனது. ஊருக்கும் நேயர் எண்ணிக்கைக்கும் ஏற்ப இது கூடும். இருந்தாலும் அடிப்படை விலையில் 10 நிமிடம் முழுக்க விளம்பரம் ஓடினால் 4,440 ரூபாய்.

இதில் பாடல்களுக்கு ராயல்டி உண்டு. 2010-ல் காப்புரிமை வாரியம், நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் என்று நிர்ணயித்த பிறகு நிலையங்கள் கொஞ்சம் மூச்சுவிட்டன. ஆனால் அதே பாடல் பக்கத்து ஸ்டேஷனிலும் ஓடுகிறது. உங்கள் போனில், விளம்பரமே இல்லாமல், கேட்ட உடனே ஓடுகிறது. அப்போ எஃப்எம்மிடம் மிச்சம் இருப்பது என்ன? உங்கள் ஊரைத் தெரிந்த, இந்த நிமிடம் பேசுகிற ஒரு குரல். அந்தக் குரல் பேசக்கூடிய மிக உள்ளூர் விஷயத்துக்குத்தான் தடை.

என்ன சொல்லலாம், என்ன கூடாது?

2011-ல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை ஒரு பட்டியல் கொடுத்தது. டிராஃபிக், வானிலை, விளையாட்டு, பரீட்சை, ரிசல்ட், வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர், பேரிடர் எச்சரிக்கை இவையெல்லாம் செய்தி அல்ல, சொல்லலாம். அகில இந்திய வானொலிச் செய்தியையும் ஒலிபரப்பலாம், ஒரு வார்த்தைகூட மாற்றாமல். 2019 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது தொடங்கியது இந்தி, ஆங்கிலச் செய்திகளோடு. தமிழ்ப் பாட்டுக்கு நடுவில் இந்திச் செய்தி போட்டால் எத்தனை பேர் ஸ்டேஷன் மாற்றாமல் இருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தடைக்கு உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு சொன்ன காரணம் பாதுகாப்பு. இத்தனை நிலையங்களையும் கண்காணிக்க ஏற்பாடு இல்லை, தவறானவர்கள் பயன்படுத்திவிடலாம் என்பது வாதம். முழுக்க ஒதுக்கிவிட முடியாத கவலைதான். கலவர நேரத்தில் ஒரு வதந்தி என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். ஆனால் செய்தி சேனல்களுக்குக் குறைவே இல்லை, வாட்ஸ்அப்புக்கும் யூடியூப்புக்கும் லைசென்ஸ்கூட வேண்டாம். லைசென்ஸ் வாங்கி, முகவரியோடு, அரசுக்கு வருமானத்தில் பங்கும் கொடுக்கிற எஃப்எம்மைத்தான் கண்காணிக்க முடியாது என்பது எனக்குப் பொருந்தவில்லை. கடல் தாண்டி இலங்கையில் சூரியன் எஃப்எம் (பெயர்தான் ஒன்று, நிறுவனம் வேறு), சக்தி எஃப்எம் போன்ற தனியார் தமிழ் வானொலிகள் செய்தி வாசிக்கின்றன. அங்கே போர் நடந்த காலத்திலும் வாசித்தன.

அடுத்து என்ன?

2023 செப்டம்பரில் டிராய் ஒரு நடுவழி சொன்னது: மணிக்கு 10 நிமிடம் வரை செய்தியும் நடப்பு நிகழ்ச்சியும் அனுமதிக்கலாம். போன்களில் இருக்கும் எஃப்எம் வசதியை முடக்கக் கூடாது என்றும் கேட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் போன் நிறுவனங்களுக்கு இதையேதான் அறிவுறுத்தியது. அறிவுரைதான், சட்டம் இல்லை. உங்கள் போனில் எஃப்எம் ஆப் இருக்கிறதா என்று இப்போதே தேடிப் பாருங்கள், நிலைமை புரியும்.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்தது. டிராய் சொன்ன 4 சதவீதக் கட்டணம் அதில் இருந்தது. 10 நிமிடச் செய்தி இல்லை. பெருநகரத்து நிலையங்களுக்கே மூச்சு வாங்கும் தொழிலில், சிறிய ஊரில் ஏலம் எடுப்பவர் வெறும் பாட்டை வைத்து எப்படிக் கடை நடத்துவார் என்பது பெரிய கேள்வி. அந்த ஊர் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், ஆஸ்பத்திரி பற்றிப் பேச ஆள் கிடைத்தால் கேட்க ஆள் இருப்பார்கள். அதுதான் அனுமதி இல்லாத பகுதி.

சென்னையில் 2015-ல் புதிய விதிக்கு மாறிய நிலையங்களின் 15 வருட அனுமதி 2030 மார்ச்சோடு முடிகிறது. மறுபடி எவ்வளவு பணம் கட்டலாம் என்ற கணக்கை நிர்வாகங்கள் அதற்குள் போட்டாக வேண்டும்.