லீவு விட்டாச்சு, இனி மழையை யார் கவனிப்பது?

பதிவு கொஞ்சம் நீளம். விடுமுறைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

அக்டோபர் பிறந்ததிலிருந்து அரையாண்டுத் தேர்வு முடியும்வரை தமிழ்நாட்டில் வானிலை அறிக்கை பார்க்காத வீடு குறைவு. பார்ப்பது லீவுக்காக. "சார், நாளைக்கு லீவா?" என்று ஓய்வு பெற்ற எனக்கே இன்னும் போன் வருகிறது. கலெக்டர் அறிவிப்பு வந்ததும் அறிக்கையை மறந்துவிடுகிறோம். அரையாண்டு விடுமுறை தொடங்கிவிட்டால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் புவியியல் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வருஷத்தில் நாம் அறிக்கையைக் கட்டாயம் பார்க்க வேண்டிய வாரங்களில், கிறிஸ்துமஸும் புத்தாண்டும் வரும் இந்த வாரமும் ஒன்று.

பழைய கணக்கைப் பாருங்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில், தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும் நேரத்தில் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 காலையில். புத்தாண்டுக்கு இரண்டே நாள். பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே காலையில் சாய்ந்தன. (டிசம்பர் 26 சுனாமியை இதில் சேர்க்கவில்லை. அது நிலநடுக்கத்தால் வந்தது, வானிலை அல்ல.)

விடுமுறைக்குச் சற்று முன் வந்ததையும் மறக்க முடியுமா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள்.

"மார்கழி வந்துவிட்டால் மழை முடிந்தது" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையின் கணக்கு அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை என்பது உண்மை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது. ஆனால் அந்தத் தேதிகள் நாம் கணக்கு எழுதுவதற்காக வைத்துக்கொண்டவை. மேகத்துக்கு அது தெரியாது. 2021 ஜனவரியில் பொங்கல் நேரத்தில் பெய்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து வயலிலேயே முளைத்ததை விவசாயிகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இந்த வாரத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. மற்ற நாளில் மழை வந்தால் நாம் நம் ஊரில் இருப்போம். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்த வாய்க்கால் உடையும் என்று தெரியும். விடுமுறை வாரத்தில் பாதி ஜனம் வெளியூரில். வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, ஊட்டி, கொடைக்கானல், குற்றாலம் என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். போன இடத்தின் மேடு பள்ளம் நமக்குத் தெரியாது. குற்றாலத்தில் நாம் நிற்கும் இடத்தில் ஒரு தூறல்கூட இருக்காது, மேலே மலையில் பெய்த மழை திடீரென்று அருவியில் இறங்கும். ஊட்டியில் நிலைமை வேறு மாதிரி. வானம் தெளிவாக, காற்றில்லாமல் இருக்கும் இரவில்தான் உறைபனி விழும். "மழையே இல்லை, அருமையான வெதர்" என்று கைக்குழந்தையோடு மெல்லிய ஸ்வெட்டரில் விடியற்காலை வெளியே வருகிறவர்கள் அறிக்கையில் இருக்கும் அந்த ஒரு வரியைப் படித்திருக்க மாட்டார்கள்.

சரி, அறிக்கையை எப்படிப் படிப்பது? ஒரு பாடவேளை போதும்.

முதலில் இடம். "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேல் போகாது. "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால் பங்குக்கும் மேல். "எங்க தெருவில் ஒரு சொட்டுகூட இல்லையே" என்று கேலி செய்வதற்கு முன் இந்த வார்த்தையைப் பாருங்கள்.

அடுத்து அளவு. கனமழை என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை 12 முதல் 20, அதி கனமழை 21க்கு மேல். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 20 செ.மீ. மழை விழுந்தால் ஏறத்தாழ 18,500 லிட்டர் தண்ணீர். உங்கள் தெருவில் எத்தனை மாடி என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு நிறம். மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. மூன்றில் எதற்கும் "லீவு" என்ற அர்த்தம் கிடையாது.

கடைசியாக நாள். அடுத்த இரண்டு மூன்று நாளுக்குச் சொல்வதை நம்பித் திட்டமிடலாம். ஐந்து நாளுக்கு மேல் போகப்போக நிச்சயம் குறையும். வியாழக்கிழமைதோறும் வானிலைத் துறை அடுத்த இரண்டு வாரத்துக்கு வெளியிடும் கணிப்பு, மழை வழக்கத்தைவிடக் கூடுமா குறையுமா என்ற போக்கைச் சொல்லும். 31ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு மெரினாவில் மழையா என்று அதில் தேடக் கூடாது. அப்படி அடித்துச் சொல்லும் யூடியூப் தலைப்புகளையும் நம்ப வேண்டாம்.

"ஆரஞ்சு விட்டார்கள், வெயில்தான் அடித்தது" என்று மீம்ஸ் போடும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். களத்தில் நெல் காயும்போது மேகம் கறுத்தால் தார்ப்பாயை இழுத்து மூடுவோம். மழை பெய்யாமல் போனால் மூடியவரைத் திட்டுவதில்லை. எச்சரிக்கை என்பது வாய்ப்பைச் சொல்வது. 2024இல் ஃபெஞ்சல் கரையைக் கடந்த பிறகு நகராமல் புதுச்சேரி, விழுப்புரம் பக்கமே நின்று கொட்டியது. கரை கடந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைத்தவர்கள் விடிவதற்குள் தண்ணீரில் நின்றார்கள். பத்து முறை வீணாகத் தார்ப்பாய் மூடினால் நஷ்டம் கைவலி மட்டும். ஒரு முறை மூடாமல் விட்டால் போவது வருஷத்து நெல்.

என் கோரிக்கைகள் மூன்று.

பள்ளிகளுக்கு: அரையாண்டுத் தேர்வின் கடைசி நாளில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுப்பதோடு, பத்து நிமிடம் வானிலை அறிக்கை படிக்கக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். வீட்டில் அப்பா அம்மாவுக்கு அவர்கள் படித்துச் சொல்வார்கள்.

மாவட்ட நிர்வாகங்களுக்கு: பள்ளி நாளில் லீவு அறிவிப்பு காட்டுத்தீ போலப் பரவுகிறது, அதோடு எச்சரிக்கையும் போய்ச் சேர்கிறது. விடுமுறை வாரத்தில் அந்த வண்டி ஓடாது. ஆகவே விடுதி, பேருந்து நிலையம், கோயில், தேவாலயம், கடற்கரை என்று ஜனம் கூடும் இடங்களில் எச்சரிக்கையைத் தனியாக அறிவிக்க வேண்டும்.

நமக்கு: கிளம்பும் முன் போகிற மாவட்டத்துக்கு என்ன நிறம் என்று பாருங்கள். அங்கே தங்கும் ஒவ்வொரு நாளும் மாலையில் ஒருமுறை பாருங்கள். மஞ்சளாக இருந்தது ஆரஞ்சாகிவிட்டால் அருவி, ஆறு, கடல் மூன்றையும் தள்ளிவையுங்கள். மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கும் நாளில், கடலையே அறியாத நாம் அலையில் இறங்கி செல்ஃபி எடுப்பது என்ன நியாயம்?

பயணத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் போய் வாருங்கள், பிள்ளைகளுக்கு நாலு ஊரைக் காட்டுங்கள். பெட்டியில் துணி அடுக்குவதற்கு முன் அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்குங்கள், அவ்வளவுதான்.

இந்த வாரம் வெளியூர் போகிறவர்கள் எந்த ஊர் என்று கமெண்டில் எழுதுங்கள். அந்த மாவட்டத்துக்கு இன்றைய அறிக்கையில் என்ன போட்டிருக்கிறது என்பதையும் நீங்களே பார்த்து எழுத வேண்டும். பழைய மாணவர்களுக்கு இது வீட்டுப்பாடம். திருத்துவதற்கு நான் இருக்கிறேன்.