சுவர்களும் சாட்சி சொல்லும்

ஆலய விழா மலர்களில் கோபுரத்தின் உயரம் இருக்கும். மணியின் எடை இருக்கும். உள்ளே யார் எங்கே அமர்ந்தார்கள் என்பது மட்டும் இராது.

கொங்கு மண்ணின் தொன்மையான பணித்தளமாகிய கருமத்தம்பட்டியைச் சொல்லும்போது 17ஆம் நூற்றாண்டு இயேசு சபையாரைப் போற்றுகிறோம். அங்கே தங்கிப் பணியாற்றி, 1850இல் கோவையின் முதல் அப்போஸ்தலிக்கப் பதிலாளான ஆயர் மரியோன் தெ பிரெசிலாக், சாதி வழக்கங்களுக்கு இடங்கொடுப்பது பற்றிய மனச்சான்றின் உறுத்தலால் 1855இல் பதவி துறந்ததை ஏன் விழுங்கிவிடுகிறோம்?

வடக்கன்குளத்தைப் பாருங்கள். 2022இல் புனிதராக உயர்த்தப்பெற்ற தேவசகாயம், 1745இல் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. அவ்வூரில் 1872இல் எழுந்த ஆலயமோ, ஒரே பீடத்தை நோக்கிய இரு கூடங்கள் கொண்டது. சாதியே அங்கு கட்டடக்கலை ஆயிற்று. பிரிவினைச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது, வழக்கு நீதிமன்றம் ஏறியது.

“அது அந்தக் காலத்து வழக்கம்” என்பர் சிலர். அப்படியாயின், இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் சாதியால் பிரிந்து கிடப்பது எந்தக் காலத்து வழக்கம்? ஒரே அப்பத்தில் பங்கு கொள்வோர் ஒரே மண்ணில் உறங்கலாகாதா?

ஆலய வரலாற்றில் அச்சுவர்களையும் எழுதுவோம். எழுத நாணினால், எஞ்சி நிற்பவற்றை முதலில் இடிப்போம்.