சோம்பேறி என்னாதீர்!

வீட்டிலிருந்தே செய்யும் கணினி வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் நம் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று ஏச யாருக்கு உரிமை உண்டு? பீளமேட்டு நூற்பாலையின் வாயிலில் நின்று வேலை கேட்டுப் பெற்ற தலைமுறை, அதே அளவுகோலால் இவர்களை அளப்பது நியாயமன்று.

2020இல் கொள்ளைநோய் வீட்டையே அலுவலகமாக்கியது. 2023இல் டி.சி.எஸ். நிறுவனம் ஊழியர்களை வாரத்தின் ஐந்து நாளும் அலுவலகத்திற்குத் திரும்ப அழைத்தது. 2025இல் 12,000க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அனுபவம் மிக்கோரும் வேலை தேடும் வரிசைக்கு வருகையில், விளாங்குறிச்சி டைடல் பூங்காவை ஏக்கத்தோடு பார்க்கும் புதுப் பட்டதாரி என்ன செய்வார்? வீட்டிலிருந்து செய்யும் வேலை என்றால் கோவையார் மட்டுமல்லர், நாடெங்கும் உள்ளோர் அதற்குப் போட்டியிடுகின்றனரே!

மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் மாலைவரை சந்தைவெளியில் நின்றவர்கள் உழைக்க மறுத்தவர்கள் அல்லர், அழைப்பாரற்றவர்கள். நிலக்கிழார் காரணம் கேட்டார், அவர்கள் சொன்னதை நம்பினார், முழுக்கூலியும் தந்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981இல் எழுதிய சுற்றுமடலும் வேலையின்மையைப் போக்கும் கடமையைச் சமுதாயத்தின்மீதே சுமத்துகிறது.

தொழில் நடத்தும் இறைமக்களே, விண்ணப்பத்திற்கு ‘இல்லை’ என்றேனும் மறுமொழி அனுப்புங்கள். மௌனம் மாண்பைச் சிதைக்கிறது. பெற்றோரே, ஏளனத்திற்கு அஞ்சும் பிள்ளைதான் முன்பணம் கேட்கும் மோசக்காரரிடம் எளிதில் சிக்குகிறது. வேலைக்குப் பணம் கேட்பவன் வேலை தருபவன் அல்லன். இணையவழியில் ஏமாந்தால் அன்றே 1930 என்ற எண்ணில் முறையிடுங்கள். பிள்ளையை ஏசாதீர், அருகே அமருங்கள்.